கிராம சபையில் ஒரு தீர்மானம்: நோட்டீஸ் ஒட்டுவதிலிருந்து வேலை முடிவது வரை

கிராம சபையில் மைக்கைப் பிடித்துப் பத்து நிமிடம் பேசியது அன்று மாலையே காற்றோடு போய்விடும். ஊராட்சிச் செயலர் மினிட் நோட்டில், அதாவது தீர்மானப் பதிவேட்டில், எழுதிய மூன்று வரி பல வருடம் கழித்தும் இருக்கும். ஒன்றிய அலுவலகத்தில் அதைத்தான் கேட்பார்கள், ஆட்சியர் அலுவலகத்தில் அதைத்தான் கேட்பார்கள், வழக்கு என்று போனால் நீதிமன்றத்திலும் அதைத்தான் கேட்பார்கள். உங்கள் தெருவின் தேவை சரியான சொற்களில் அந்த நோட்டில் ஏற வேண்டும். அதன் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். பிறகு அது வேலையாக முடிய வேண்டும். அதற்கான வழி இது.

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளுக்கு இது பொருந்தும். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் கிராம சபை கிடையாது; அங்கே வார்டு குழுவும் பகுதி சபையும்தான். உங்கள் ஊராட்சியை நகராட்சியோடு இணைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தால், வரி கூடுமா குறையுமா என்பதோடு சேர்த்து இதையும் யோசியுங்கள்: வாக்காளர் அத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து கேள்வி கேட்கும் சபை இணைப்போடு போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது

அரசியலமைப்பின் 243ஏ பிரிவு கிராம சபைக்கு இடம் கொடுக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 3-ஆம் பிரிவு அதை விரித்துச் சொல்கிறது. எப்படிக் கூட்டுவது, எப்படி நடத்துவது என்பதற்கு 1998-இல் வந்த விதிகள் இருக்கின்றன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். யாரும் உங்களை அழைக்க வேண்டியதில்லை, யாரும் உங்களை வெளியே அனுப்பவும் முடியாது. ஆண்டு வளர்ச்சித் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, நடக்கும் வேலைகளை ஆராய்வது எல்லாம் இந்தச் சபையின் பொறுப்பு.

வருடத்தில் ஆறு நாட்கள் நிச்சயம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்குதான். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-உம் உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-உம் 2022-இல் சேர்க்கப்பட்டன.

இந்த ஆறும் ஒரே மாதிரிப் பயன்படுவதில்லை. பணம் ஒதுக்க வேண்டிய வேலை என்றால் அக்டோபர் 2-ஐக் குறி வையுங்கள். அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை அன்றுதான் தொடங்குகிறது. உங்கள் ரோடு அந்தப் பட்டியலில் ஏறாமல் விட்டுப்போனால், மே மாதம் எவ்வளவு உரக்கக் கேட்டாலும் "இந்த வருட ஆக்‌ஷன் பிளானில் இல்லையே" என்ற பதில்தான் வரும். தண்ணீர், தெருவிளக்கு, குப்பை போன்ற அன்றாட வேலைகளுக்கு எந்தத் தேதியும் சரி.

அவசரம் என்றால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். உறுப்பினர்களில் 10 சதவீதம் பேர் அல்லது 50 பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் சிறப்புக் கிராம சபை கூட்ட வேண்டும். கையெழுத்துக்குப் பக்கத்தில் வாக்காளர் பட்டியலின் பாக எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதுங்கள். எண் இல்லாத மனுவை "இவர்கள் நம் ஊர் வாக்காளர்களா என்று தெரியவில்லை" என்று சொல்லித் தள்ளிப்போடுவது சுலபம்.

கூட்டத்துக்கு முன்: ஒரு மாத வேலை

பெரும்பாலானோர் கூட்டத்தன்று காலையில்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். கோரிக்கை தோற்பதும் பெரும்பாலும் அங்கேதான். நான்கு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

முதலில், கேட்கப்போவது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். குடிநீர், தெருவிளக்கு, ஊராட்சிச் சாலை, கழிவுநீர் வாய்க்கால், துப்புரவு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் ஊராட்சியின் வேலை. பட்டா தாசில்தாரிடம், பேருந்து போக்குவரத்துக் கழகத்திடம், நெடுஞ்சாலை அந்தத் துறையிடம். பிற துறைகள் பற்றியும் தீர்மானம் போடலாம், போடவும் வேண்டும்; ஆனால் அது பரிந்துரையாகத்தான் போகும். எனவே அதில் "இன்ன அலுவலருக்கு இத்தீர்மானத்தின் நகலை அனுப்பி வைக்க" என்ற சொற்கள் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் தீர்மானம் நோட்டை விட்டு வெளியே போகாது.

அடுத்தது அளவு. தண்ணீர்ப் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். இரண்டு தெருக்களுக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி. கொள்ளளவு 30,000 லிட்டர். இரண்டு தெருவிலும் சேர்த்து 900 பேர். ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்குப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 900-ஐ 55-ஆல் பெருக்கினால் 49,500 லிட்டர். தொட்டியை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் நிரப்புகிறார்கள் என்றால் 19,500 லிட்டர் குறைகிறது. மேட்டில் இருக்கும் தெருவுக்கும் குழாயின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் வராததன் காரணம் இங்கேயே பாதி தெரிந்துவிட்டது. இன்னொரு பாதி வால்வில் இருக்கும்: இரண்டு தெருவுக்கும் ஒரே லைன், பள்ளத்துத் தெரு முழுவதையும் இழுத்துக்கொள்கிறது.

இந்த நிலையில் ஊர் வழக்கமாகக் கேட்பது புதுத் தொட்டி. புதுத் தொட்டிக்கு இடம் வேண்டும், மதிப்பீடு வேண்டும், நிதி வேண்டும், டெண்டர் வேண்டும்; வருடக்கணக்கில் இழுக்கும். உண்மையில் தேவைப்படுவது தொட்டியை இரண்டு தடவை நிரப்புவதும், தெரு பிரியும் இடத்தில் ஒரு கேட் வால்வும்தான். ஊராட்சியின் பொதுநிதியிலேயே முடிந்துவிடும். போர்வெல்லில் இரண்டாவது தடவைக்கு நீர் ஊறுகிறதா என்று மட்டும் தொட்டி இயக்குபவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எப்போது நீர் வற்றிக் காற்று வாங்குகிறது என்பது ஊரில் அவருக்குத்தான் சரியாகத் தெரியும். அவர் மேல் குறை சொல்லிக் கூட்டத்தைத் தொடங்கினால் அந்தத் தகவல் உங்களுக்குக் கிடைக்காது.

சாலை என்றால் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்: எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மீட்டர் அகலம், சர்வே எண் என்ன. அந்த இடம் ஊராட்சிச் சாலையாகப் பதிவில் இருக்கிறதா, யாராவது ஒருவரின் பட்டாவில் இருக்கிறதா என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது மிக முக்கியம். தீர்மானம் நிறைவேறி, பணம் வந்து, ஜல்லி கொட்டிய பிறகு "இது எங்கள் பட்டா நிலம்" என்று ஒருவர் வந்து நின்றால் வேலை அன்றே நிற்கும், ஒதுக்கிய பணமும் வேறு தெருவுக்குப் போய்விடும்.

அளவெல்லாம் கையில் வந்ததும் மனு எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஊராட்சித் தலைவருக்கு முகவரியிட்டு, "வரும் கிராம சபையின் கூட்டப் பொருளில் இதைச் சேர்க்க வேண்டுகிறோம்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில் ஒப்புகையோடு அனுப்பி, ஒரு பிரதியை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் அனுப்புங்கள். ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் இரண்டு பேர். வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிக்கு ஒருவர். உங்கள் மனு போக வேண்டியது "கிராம ஊராட்சி" என்று போட்ட அலுவலருக்கு. இந்த ஒரு சொல்லை விட்டதால் மேசை மாறி, வாரக்கணக்கில் கிடக்கும் மனுக்கள் ஏராளம்.

இப்போது தலைவர் யார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் (தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாதபோது ஊராட்சியை நடத்தும் அரசு அலுவலர்) பொறுப்பில் வந்தன. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை உண்டு, உங்கள் உரிமையில் ஒரு துளியும் குறைவதில்லை. மனுவை "தனி அலுவலர்" என்று முகவரியிட வேண்டும், அவ்வளவுதான். தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால், சபைக்குத் தலைமை ஏற்பவர் அவரேதான். அவருடைய கணவரோ மகனோ அந்த நாற்காலியில் உட்காரவும் பதில் சொல்லவும் சட்டத்தில் இடமில்லை. அப்படி நடந்தால் அமைதியாக எழுந்து, "பதிலைத் தலைவர் அம்மா சொல்லட்டும்" என்று கேளுங்கள். இதைப் பெண்கள் கேட்பது நல்லது.

நோட்டீஸும் இடமும்

கூட்டத்துக்கு ஏழு நாட்களுக்கு முன்பே தேதி, நேரம், இடம், கூட்டப் பொருள் எல்லாம் அறிவிக்கப்பட வேண்டும். ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, பள்ளி, அங்கன்வாடி போன்ற இடங்களில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். தண்டோரா போடும் வழக்கத்தை 2022-இல் அரசே நிறுத்தச் சொல்லிவிட்டது. பறையடிக்கும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி வைத்திருந்த வழக்கம் அது, போனது நல்லதே. இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம்.

நோட்டீஸ் ஒட்டிய அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஒட்டவே இல்லை என்றால் வெறும் சுவரையும் படம் எடுங்கள்.

கூட்டம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நடக்கக் கூடாது. குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் போக வேண்டும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கும் போக வேண்டும். கோவில், தேவாலயம், பள்ளிவாசல் என மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் நடத்தக் கூடாது. இடம் என்பது வெறும் வசதி பற்றிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஊர்த்தெருவில் இருக்கும் ஒரு மண்டபத்தில் கூட்டம் என்றால் காலனியிலிருந்து எத்தனை பேர் வருவார்கள், வந்தவர்கள் எங்கே நிற்பார்கள் என்பது ஒவ்வொரு ஊருக்கும் தெரியும். சபையைக் காலனிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்பதையே முதல் கோரிக்கையாக வைத்தாலும் தகும்.

ஆள் சேர்ப்பது

குறைவெண் வரம்பு (கோரம்), அதாவது வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இல்லாமல் போடும் தீர்மானம் பிறகு நிற்காது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கை வராவிட்டால் கூட்டத்தை வேறு நாளுக்குத் தள்ள வேண்டும்.

கூட்டம் சேராத ஊரில் என்ன நடக்கும் தெரியுமா? மாலையில் வருகைப் பதிவேட்டை வீடு வீடாகவும் வேலைத்தளத்துக்கும் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவார்கள். நோட்டில் கூட்டம் நிறைந்திருக்கும், தீர்மானங்கள் இருக்கும், யாரும் வாசித்துக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே கூட்டத்துக்கு வராமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று உங்கள் தெருவில் சொல்லி வையுங்கள். முக்கியமாகப் பெரியவர்களிடமும், கைநாட்டு வைப்பவர்களிடமும்.

உங்கள் பக்கம் 30, 40 பேர் வந்தால் போதும், ஆனால் கடைசி வரை உட்கார வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் முதலில் பேசுங்கள். தண்ணீர் வராததன் வலி குடம் தூக்குபவர்களுக்குத்தான் தெரியும், மேலும் குழுக்கள் ஏற்கெனவே வாரம் ஒருமுறை கூடிப் பழகியவை. யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது, யார் அளவைச் சொல்வது என்று மூன்று பேரை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே ஆள் எல்லாவற்றையும் பேசினால் அது "அவருடைய பிரச்சினை" ஆகிவிடும்.

கூட்டத்தில்

மாவட்டத்திலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பொதுப் பட்டியல் வரும்: டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, வீடு கட்டும் திட்டம், குடிநீர்ச் சிக்கனம் என்று நீளமாக இருக்கும். செயலர் அதை வேகமாக வாசித்து முடிப்பார். ஊரின் சொந்த விஷயம் "இதர பொருள்" என்ற தலைப்பில் கடைசியாக வரும். அதற்குள் வெயில் ஏறி, பாதிப் பேர் எழுந்திருப்பார்கள். முன்கூட்டியே மனு கொடுத்திருந்தால் முத்திரை போட்ட பிரதியைக் காட்டி, "இது கூட்டப் பொருளில் எத்தனையாவது?" என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடலாம்.

ஒன்றியத்திலிருந்து ஒரு பற்றாளர் வந்திருப்பார். கூட்டம் முறையாக நடந்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர். வந்தவுடன் அவர் பெயரையும் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் "அப்படி ஒரு தீர்மானமே வரவில்லை" என்று யாராவது சொன்னால் அவர்தான் சாட்சி.

வரவு செலவு அறிக்கை படிவம் 30-இல் சபையின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பேனராகவும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நின்று படியுங்கள், படம் எடுங்கள். ஊராட்சியின் பணம் தனித்தனிக் கணக்குகளில் இருக்கும்: முதல் கணக்கு பொதுநிதி, இரண்டாவது மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும், மூன்றாவது திட்ட நிதிகளுக்கு. பொதுநிதிச் செலவில் மோட்டார் பழுது, பைப்லைன் பழுது, விளக்குச் சாமான், பிளீச்சிங் பவுடர் என்று வரும் தலைப்புகளைக் கவனியுங்கள். "மோட்டார் பழுது என்று எழுதியிருக்கிறதே, எந்த போர்வெல், எந்தத் தேதி, யார் பழுது பார்த்தது?" என்று கேளுங்கள். குற்றம் சாட்டும் குரல் வேண்டாம், விவரம் கேட்கும் குரல் போதும். சரியான செலவுக்கு உடனே பதில் வரும்.

பிளீச்சிங் பவுடருக்கு ஒரு கணக்கு கையில் இருக்கட்டும். 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர்த் தொட்டிக்கு ஒரு தடவைக்கு 120 கிராம். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்றால் மாதத்துக்கு 3.6 கிலோ. வாங்கியதாக எழுதியிருக்கும் எடையை இதோடு ஒப்பிட்டாலே கேள்வி தானாகப் பிறக்கும். வாய்க்காலுக்கும் குப்பைமேட்டுக்கும் தூவுவது தனிக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். குழாயின் கடைசி வீட்டில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். சோதனைக் குப்பியில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பவுடர் மூட்டை திறந்தே கிடந்தால் வீரியம் போய்விடும், அப்போது 120 கிராம் போட்டும் பயன் இருக்காது.

வீடு கட்டும் திட்டப் பயனாளிகள் பட்டியல் வரும்போது பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள். "பட்டியல் அங்கீகரிக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் போக விடாதீர்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். குடிசையில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே அந்தப் பட்டியலில் மாறுகிறது. மாடி வீட்டுக்காரர் பெயர் அதில் இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடமும் நேரமும் இதுதான்.

தீர்மானத்தின் வாசகம்

இந்த ஒரு விஷயத்துக்கு நீங்கள் செலவிடும் அரை மணி நேரம் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தரும்.

ஊர்களின் நோட்டுகளில் மிக அதிகமாகக் காணப்படும் வாசகம் இது: "கிழக்குத் தெருவில் குடிநீர்ப் பிரச்சினை உள்ளதாகப் பொதுமக்கள் தெரிவித்தனர். ஆவன செய்வதாகத் தலைவர் தெரிவித்தார்." இதில் தீர்மானம் எதுவும் இல்லை. ஒருவர் சொன்னார், ஒருவர் கேட்டார். எந்த வேலை, எந்தப் பணம், எந்தத் தேதி என்று ஒன்றும் இல்லை. ஒரு வருடம் கழித்து இதை வைத்துக்கொண்டு யாரையும் எதுவும் கேட்க முடியாது.

வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோக வேண்டிய வாசகம் இப்படி இருக்கலாம்:

"கிழக்குத் தெரு, மேலத் தெரு ஆகிய இரண்டிலும் வசிக்கும் 900 பேருக்கு நாளொன்றுக்கு 49,500 லிட்டர் குடிநீர் தேவைப்படுவதாலும், தற்போது 30,000 லிட்டர் மட்டுமே வழங்கப்படுவதாலும், மேற்படி தெருக்களுக்கான மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைக் காலையிலும் மாலையிலும் என நாளொன்றுக்கு இருமுறை நிரப்பவும், கிழக்குத் தெரு பிரியும் இடத்தில் கேட் வால்வு ஒன்று பொருத்தவும், இதற்கான செலவினத்தை ஊராட்சிப் பொதுநிதியிலிருந்து மேற்கொள்ளவும், இப்பணியை 30 நாட்களுக்குள் முடித்து அடுத்த கிராம சபையில் அறிக்கை வைக்கவும் இச்சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது."

காரணம், வேலை, இடம், பணம், கெடு ஐந்தும் இதில் இருக்கின்றன. எந்த நிதியிலிருந்து என்று எழுதாவிட்டால் "நிதி இல்லை" என்ற பதிலுக்கு இடம் கொடுக்கிறீர்கள். பெரிய வேலை என்றால் நிதிக்குழு மானியத்தைக் குறிப்பிடலாம். 2021–26 காலத்துக்கான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டியது. மீதி 40 சதவீதம்தான் ஊராட்சி தன் தேவைப்படி செலவிடுவது. வாய்க்காலுக்கும் குழாய்க்கும் முதல் பங்கைக் கேளுங்கள். சாலையை அதில் கேட்டால் ஒன்றியத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வாசித்து முடித்ததும் முன்மொழிபவர், வழிமொழிபவர் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். எதிர்ப்பு இருந்தால் கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையையும் எழுத வேண்டும். வந்திருப்போரில் பெரும்பான்மை போதும். தலைவருக்குப் பிடிக்கவில்லை என்பதால் மட்டும் ஒரு தீர்மானத்தை எழுதாமல் விட முடியாது. சட்டத்துக்குப் புறம்பானது, ஒரு சாதியையோ ஒரு குடும்பத்தையோ ஒதுக்கி வைப்பது போன்றவற்றை சபை முழுதும் கை தூக்கினாலும் நிறைவேற்ற முடியாது. அத்தகைய தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு.

கூட்டம் முடிந்து கலைவதற்கு முன், எழுதியதை நோட்டிலிருந்தே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நினைவிலிருந்து சொல்வதை ஏற்க வேண்டாம். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடு போட்டு, அதை ஒட்டியே கையெழுத்துகள் வர வேண்டும். நடுவில் அரைப் பக்கம் வெற்றிடம் இருந்தால் அங்கே இரவில் என்ன வேண்டுமானாலும் முளைக்கும். "துண்டுப் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு நோட்டில் அப்புறம் ஏற்றிக்கொள்கிறோம்" என்று சொன்னால், அந்தப் பேப்பரையாவது பற்றாளர் கையெழுத்தோடு படம் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஊராட்சியில் இரண்டு மினிட் நோட்டு உண்டு: ஒன்று கிராம சபைக்கு, ஒன்று தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கூடும் ஊராட்சி மன்றத்துக்கு. செலவை அனுமதிக்க மன்றமும் தீர்மானம் போட வேண்டியிருக்கும். சபையில் ஜெயித்துவிட்டு மன்றத்தை மறந்தால் வேலை அங்கே நின்றுவிடும். உங்கள் வார்டு உறுப்பினரிடம், அடுத்த மன்றக் கூட்டத்தில் இதை எடுக்கும்படி அன்றே சொல்லி வையுங்கள்.

நகல்

ஒரு வாரம் கழித்து ஊராட்சி அலுவலகத்தில் தீர்மான நகல் கேட்டு மனு கொடுங்கள். கொடுத்தால் நன்று. இழுத்தால் தகவல் உரிமைச் சட்டத்துக்குப் போங்கள்: ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், கேள்வி. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்கு "ஏன் என்பது தகவல் ஆகாது" என்று பதில் வரும். "இன்ன தேதியில் நடந்த கிராம சபையின் தீர்மானப் பதிவேடு, வருகைப் பதிவேடு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் 6(3) பிரிவின்படி ஐந்து நாளில் சரியான அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் திருப்தி இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. மே 1-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் நடுவில் 106 நாள் இருக்கிறது. மே மாதத் தீர்மானத்துக்கு நகலும் முதல் மேல்முறையீடும் அதற்குள் முடிந்துவிடும். அக்டோபர் 2-க்கும் நவம்பர் 1-க்கும் நடுவில் 30 நாள்தான், அப்போது நேரில் நடந்தே வாங்கப் பாருங்கள்.

நகல் கைக்கு வந்த பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு மனுவிலும் தீர்மான எண்ணும் தேதியும் முதல் வரியில் இருக்கட்டும். வட்டார வளர்ச்சி அலுவலர், பிறகு உதவி இயக்குநர் (ஊராட்சிகள்), பிறகு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் என்ற வரிசையில் போங்கள். 'முதல்வரின் முகவரி' என்ற அரசுக் குறைதீர்ப்புத் துறைக்கு 1100 எண்ணிலும் பதியலாம். அங்கே கிடைக்கும் மனு எண்ணைக் குறித்து வையுங்கள். கீழே கேட்காமல் நேராக ஆட்சியரிடம் போனால், மனு சுற்றிக்கொண்டு அதே வட்டார வளர்ச்சி அலுவலர் மேசைக்குத்தான் வரும். நடுவில் நாட்கள்தான் வீண்.

அடுத்த கிராம சபையில் முதல் ஆளாக எழுந்து கேட்க வேண்டியது ஒன்றே: "சென்ற கூட்டத் தீர்மானங்கள் மேல் என்ன நடவடிக்கை?" பதில் எதுவானாலும் அதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும்போது

சாலையோ வாய்க்காலோ அனுமதி ஆனால், மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று காகிதம் நகரும். மதிப்பீட்டின் நகலை வேலை தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் உள்ள சிமென்ட் சாலைக்கு 45 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். கனத்தை 10 சென்டிமீட்டராகக் குறைத்தால் 30 கன மீட்டரிலேயே முடிந்துவிடும். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சாலையும் ஒன்று போலத்தான் தெரியும். பக்கப் பலகை கட்டியவுடன், கான்கிரீட் கொட்டும் முன், நடுவிலும் ஓரத்திலும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் ஆழமாக வெட்டி நடுவில் மேடாக விட்டிருப்பார்கள். பேவர் பிளாக் என்றால் கனம் 60 மில்லிமீட்டரா 80 மில்லிமீட்டரா என்பதை மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள்.

கொட்டிய பிறகு பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும், குறைந்தது ஏழு நாள், பதினான்கு நாள் என்றால் நல்லது. வெயில் காலத்தில் இரண்டே நாளில் விட்டுவிடுவார்கள், ஆறு மாதத்தில் மேல்பூச்சு மாவாக உதிரும். இதற்குத் தெருக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு நீர் ஊற்றலாம். சண்டை பிடிப்பதைவிட அது சுலபம்.

முடிந்த வேலையை ஒன்றியப் பொறியாளர் அளந்து எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) பதிவார். அந்தப் பதிவின் மேல்தான் பில் போகும். அளவெடுக்க வரும் நாளை ஓவர்சியரிடம் கேட்டு வைத்து, அன்று இரண்டு பேர் டேப்போடு பக்கத்தில் நில்லுங்கள். குறை இருந்தால் அன்றே எழுத்தில் கொடுத்து, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஒப்புகை வாங்குங்கள். கடைசி பில் போன பிறகு அந்தக் காண்ட்ராக்டரை உங்கள் தெருவுக்குத் திரும்ப வரவழைப்பது மிகவும் கடினம்.